கண்ணைத் திறக்காத நோயாளி

மெத்தைக்கடைக்காரர் இதுவரை எத்தனை தடவை மயங்கி விழுந்திருக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. பிஸ்கட் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் மாரடைப்பு வந்து சாய்ந்திருக்கிறார். தபால் நிலையத்தில் தொண்டை அடைத்து முழி பிதுங்கியிருக்கிறார். நீச்சல் குளத்துக் கரையில், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலேயே மூழ்கிச் செத்திருக்கிறார். எல்லாம் அவர் மனைவியின் கைங்கரியம்.

அவள் முதலுதவி வகுப்பு எடுக்கிற டீச்சர். தொழிற்சாலை, அலுவலகம், பள்ளிக்கூடம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். மற்ற டீச்சர்கள் ரப்பர் பொம்மையை வைத்துப் பாடம் நடத்துவார்கள். இவளுக்குப் பொம்மையே ஆகாது. "பொம்மைக்குத் தொப்பை கிடையாதே. நிஜ மனுஷனைப் புரட்டிப் பார்த்தாத்தானே கஷ்டம் தெரியும்" என்பாள். தொப்பையும் கனமுமாக ஒரு நிஜ மனுஷன் வீட்டிலேயே சும்மா கிடைக்கும்போது பொம்மை எதற்கு? கடைக்கு விடுமுறை நாளாகப் பார்த்து வகுப்பு வைத்து அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். வாரம் முழுக்க நின்றுகொண்டே மெத்தையின் அருமை பெருமைகளை எடுத்துவிடுகிறவருக்குப் படுத்துக்கொண்டு செய்கிற வேலை கசக்குமா என்ன? ஒரு தடவை அவள் நெஞ்சை அழுத்திக் காட்டுவதற்குள் குறட்டை விட்டுவிட்டார். வகுப்பே சிரித்தது, அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. மயங்கினவன் கண்ணைத் திறக்கக் கூடாது. எத்தனை பேர் சுற்றி நின்றாலும், காலைத் தூக்கினாலும், தொடையில் குத்தினாலும், இமை அசையக் கூடாது. ஒரு வகுப்பில் அவர் ஒற்றைக் கண்ணால் வேடிக்கை பார்த்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் சத்தம் போட்டால் தெருக்கோடி வரை கேட்கும். சொந்தக்காரர்கள் அவளுக்கு 'சைரன்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அதற்கப்புறம் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

அவள் டீச்சரானதற்குக் காரணம் அவளுடைய தம்பி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன், சாதுவான பிள்ளை. கல்லூரியில் படிக்கிற காலத்தில் அவனை ஒரு குளவி கொட்டியது. ஒரே ஒரு குளவி. முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, மூச்சு அடைத்து, அக்காளின் மடியிலேயே சாய்ந்துவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தவித்தாள். வழியில் போன யாரோ ஒரு நர்ஸ் புண்ணியவதி வண்டியை நிறுத்தி ஊசி போட்டுக் காப்பாற்றினாள். தம்பி பிழைத்துக்கொண்டான். அக்காளுக்கு அன்று பிடித்த பயம் மட்டும் விடவே இல்லை.

அந்தத் தம்பிக்கு, போயும் போயும், காடு மலை என்றால் உயிர். வருஷா வருஷம் கூடாரம் போட்டுத் தங்கப் போகலாம் என்று கெஞ்சுவான், வருஷா வருஷம் அவள் முடியாது என்பாள். இந்த வருஷம் எப்படியோ சம்மதித்துவிட்டாள். சம்மதித்த நாளிலிருந்து வீடு வீடாக இல்லை. வனத்துறைச் சாவடிக்குப் போன் போட்டு, கூடாரம் போடப்போகிற இடம் ஆற்றின் எந்த வளைவில் என்பது வரை சொல்லி வைத்தாள். போன் எங்கே எடுக்கும் என்று விசாரித்தாள். அந்த இடத்துக்கு மேலே உள்ள மேட்டின் உச்சியில் இருக்கிற மொட்டைப் பாறையில் மட்டும்தான் எடுக்குமாம். விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று கேட்டு, அங்கேயும் பேசினாள். ஆளுக்கொரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். மூன்று ஊதல் என்றால் ஆபத்து, உதவிக்குப் போன் பண்ணு. இரண்டு ஊதல் என்றால் பண்ணியாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஊசிப் பேனாக்கள். குளவி கொட்டி மூச்சு அடைக்கும்போது உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்து அதற்குள் இருக்கிறது. டாக்டரிடம் எழுதி வாங்கி மூன்று வைத்திருந்தாள். ஒன்று எப்போதும் தம்பியின் இடுப்புப் பையில், மற்ற இரண்டும் அவளுடைய முதலுதவிச் சிவப்புப் பையில். அவசரத்தில் புல்லுக்குள் விழுந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்று, அந்த இரண்டையும் மினுமினுக்கிற சிவப்பு டேப்பால் நெருக்கமாகச் சுற்றினாள். பேனாவின் மேல் எப்படிப் போடுவது என்று படமும் எழுத்தும் இருந்தன. அதெல்லாம் டேப்புக்குள் போய்விட்டது. போனால் போகட்டும், அவளுக்கு எதற்குப் படம்?

ஒத்திகை மெத்தைக்கடையில் நடந்தது. காட்சிக்கு வைத்திருந்த பெரிய மெத்தையில் அவர் குளவி கொட்டிப் படுத்திருந்தார். ஊசி இல்லாத பயிற்சிப் பேனாவால் அவள் தொடையில் குத்திக் காட்டினாள். தம்பி பக்கத்தில் நின்று பார்த்தான்.

"சரிக்கா, நான் விழுந்தா நீ இருக்க. நீ விழுந்தா?" என்று கேட்டான் தம்பி.

"நான் விழுந்தா நீ இருக்கல்ல? அதுக்குத்தான் பாருங்கறேன்."

மெத்தையில் கிடந்தவரைப் பற்றி யாருக்கும் யோசனை ஓடவில்லை. அவருக்குமே ஓடவில்லை. அவர் நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

காட்டுக்குப் போய் முதல் ராத்திரி அவருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. முதுகுக்குக் கீழே ஒரு வேர், இடுப்புக்குக் கீழே ஒரு கல். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் முதுகெலும்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர் வெறும் தரையில் எப்படிப் படுப்பார்? காலையில் எழுந்ததும் ஒரு முடிவோடு கிளம்பினார். மேட்டுக்கு ஏறுகிற பாதையை ஒட்டி ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அதன் அடியில் காய்ந்த இலை மெத்து மெத்தென்று குவிந்திருந்தது. ஒரு கோணியில் அள்ளிக்கொண்டு போய்க் கூடாரத்துக்கு அடியில் பரப்பினால் அருமையான படுக்கை. மச்சினனையும் உதவிக்குக் கூப்பிட்டார்.

"மாமா, காட்டுல வந்தும் வியாபாரமா?" என்று சிரித்துக்கொண்டே அவன் வந்தான்.

"சிரி மாப்ள, சிரி. ராத்திரி நீயும் வந்து இதுலதான் படுக்கப் போற."

இலைக்குள் கையை விட்டு ஒரு பெரிய அள்ளு அள்ளினார். அடியில் இருந்த ஏதோ ஒன்று பொதுக்கென்று உடைந்தது. ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு தரைக்குள்ளிருந்து ஒரு உறுமல் கிளம்பியது.

குளவிகள். மண்ணுக்குள் கூடு கட்டுகிற பெரிய ஜாதி. அவர் கையில் இரண்டு கொட்டின. கோணியைப் போட்டுவிட்டு அவர் அலறியபோது, கூடாரத்திலிருந்து அவள் ஓடி வந்ததை அவர் பார்த்தார். கையில் ஒரு போர்வை. அவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தம்பியின் மேல் பாய்ந்து, தலையோடு போர்வையைப் போர்த்தி, முதுகில் கையை வைத்துத் தள்ளினாள்.

"ஓடுடா! மேல ஓடு! திரும்பிப் பார்க்காத!"

அவன் மேட்டைப் பார்த்து ஓடினான். அவனுக்கும் குளவிகளுக்கும் நடுவில் அவள் நின்றாள். அவன் மறைகிற வரை அப்படியே நின்றாள். தலைமுடிக்குள்ளும் கழுத்திலும் அவை மொய்த்தன. அப்புறம்தான் தன் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம், கூடாரத்துக்கு ஓடி வந்தாள்.

மேலேயிருந்து குரல் வந்தது. "அக்கா! எனக்கு ஒண்ணும் இல்ல! ஒண்ணுகூடக் கொட்டல!"

"மேலயே இரு! கீழ வராத! நான் சொல்ற வரைக்கும் வராத!" என்று இவள் கத்தினாள். நல்ல கணீரென்ற குரல், மேடு முழுக்க எதிரொலித்தது.

கூடாரத்து வாசலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். வீக்கம் அந்த இடத்தோடு நிற்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவருக்கு எரிச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. "இலையா அள்ளப் போனீங்க? இலை? வீட்டுல மெத்தை போதாதுன்னு இங்கயும் மெத்தையா?" என்று ஆரம்பித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு முழுசாக வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவள் தன் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையும் ரத்தச் சிவப்பாக இருந்தன.

"உனக்கு எத்தனை கொட்டுச்சு?" என்று கேட்டார்.

"தெரியல. கழுத்துல நிறைய." பிறகு மெதுவாக, "ஏங்க, என் குரல் மாறுதா?" என்றாள்.

மாறியிருந்தது. யாரோ அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. "இல்லையே" என்று பொய் சொன்னார்.

"பையை எடுங்க. அந்தப் பே..." என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. உதடு தடித்துக்கொண்டே வந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். கண் மேலே சொருகியது. பக்கவாட்டில், மெதுவாக, ஒரு மூட்டை சரிவது போலச் சரிந்தாள்.

அவருக்கு முதலில் வந்த எண்ணம் இது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். 'நான்தானே படுக்கணும்?' அப்படித்தான் நினைத்தார். ஒத்திகையில் ஆள் மாறிவிட்டது என்று, ஒரு மூச்சு விடுகிற நேரம், அந்த மனுஷன் நிஜமாகவே நினைத்தார். அப்புறம் அவள் மூச்சு இழுக்கிற சத்தம் காதில் விழுந்தது. நசுங்கிய குழாயில் காற்றுப் போகிற சத்தம்.

அவருடைய விசில் ஓட்டத்தில் எங்கேயோ அறுந்து விழுந்திருந்ததால், அவள் கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதினார். மூன்று ஊதல், மறுபடி மூன்று, மறுபடி மூன்று. மேட்டிலிருந்து பதில் ஊதல் எதுவும் வரவில்லை. மறுபடி ஊதினார். கடைசியில், ஒரு யுகம் ஆன பிறகு, மேலேயிருந்து இரண்டு ஊதல் வந்தது. மச்சினன் போன் பண்ணிவிட்டான். ஆனால் சாவடி எங்கே, அவர்கள் எங்கே? ஆட்கள் வந்து சேருகிற வரை இவள் மூச்சு நிற்குமா?

சிவப்புப் பையைத் தலைகீழாகக் கொட்டினார். மினுமினுவென்று இரண்டு பேனாவும் புல்லில் விழுந்தன. அவள் நினைத்தபடியே சட்டென்று கண்ணில் பட்டன. கையில் எடுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் இந்தச் சாமானை அவர் ஒரு தடவைகூடக் கையில் பிடித்ததில்லை. பிடிப்பதைப் பார்த்ததும் இல்லை. ஊரெல்லாம் போய்க் கற்றுக்கொடுத்த வித்தையில், பக்கத்திலேயே கிடந்த அவருக்கு மட்டும் ஒரு எழுத்தும் தெரியாது.

இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் சிவப்பு டேப். நகத்தால் சுரண்டினார், கிளம்பவில்லை. ஒரு முனையில் மூடி இருந்தது. பேனா என்றால் மூடியைக் கழற்றினால் முள் இருக்கும். உலகத்தில் எல்லாப் பேனாவும் அப்படித்தானே? மூடியைப் பிடுங்கி எறிந்தார். அந்த முனையை அவள் புஜத்தில் வைத்து, மறுமுனையைக் கட்டைவிரலால், தன் பலம் முழுவதையும் கொடுத்து அழுத்தினார்.

டக்.

கட்டைவிரலில் நெருப்பு வைத்தது போல இருந்தது. "ஐயோ!" என்று கையை உதறினார். மறுமுனையிலிருந்து வெளியே வந்த ஊசி அவர் விரலுக்குள் இறங்கியிருந்தது. பிடுங்கிப் போட்டார். அவளுக்குப் போக வேண்டிய மருந்து அவர் உடம்புக்குள் போய்விட்டது. கட்டைவிரல் பார்க்கப் பார்க்க வெளுத்து மரத்தது. நெஞ்சு கிடுகிடுவென்று அடிக்க ஆரம்பித்தது. பயத்தினால் அடிக்கிறதா, மருந்தினால் அடிக்கிறதா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

எந்த முனை என்று இப்போது தெரிந்துவிட்டது. எங்கே போடுவது? புஜத்திலா? வயிற்றிலா? நெஞ்சில் நேராகக் குத்துவார்கள் என்று எங்கேயோ பார்த்த ஞாபகம். பேனாவை அவள் நெஞ்சுக்கு மேலே கொண்டுபோனார். தப்பான இடத்தில் போட்டால்? இதுவும் வீணாகிவிட்டால்? அவள் உதட்டோரம் நீலம் பாய ஆரம்பித்திருந்தது. "சொல்லும்மா, எங்கன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை சொல்லு" என்று அழுதார். இத்தனை வருஷம் வாய் ஓயாமல் சொன்னவள் இப்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அப்போது அந்த மனுஷன் ஒரு காரியம் செய்தார். வெளியே இருந்து யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். சாகக் கிடக்கிற பெண்டாட்டிக்குப் பக்கத்தில், புல்லில், மல்லாந்து படுத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

படுத்தால்தான் அவருக்கு ஞாபகம் வரும். கடையில், தொழிற்சாலையில், பள்ளிக்கூடத்தில் அவர் கண்ணை மூடிக் கிடந்தபோது என்ன நடந்தது? முதலில் அவள் குரல்: "நேரா படுக்க வைங்க." பிறகு ஏதோ ஒன்றைக் கழற்றுகிற சத்தம். பிறகு? பிறகு தொடை. நெஞ்சு இல்லை, புஜம் இல்லை. வலது தொடை, வெளிப்பக்கம், முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவில். பேன்ட்டின் மேலேயே. ஒவ்வொரு தடவையும் ஒரே இடம். அவருக்குத் தெரியாதது அவர் தொடைக்குத் தெரிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்துவதில்லை, மொத்தக் கையாலும் பிடித்து ஒரு இடி. டக். உடனே எடுத்ததும் இல்லை. அவள் எண்ணுவாள், நிதானமாக, வகுப்பு முழுக்கக் கூடச் சேர்ந்து எண்ணும். அந்த எண்ணிக்கையில்தான் அவருக்கு எப்போதும் தூக்கம் வரும்.

துள்ளி எழுந்தார். அவளை நேராகப் புரட்டிப் படுக்கவைத்தார். பேனாவை முஷ்டிக்குள் இறுக்கினார், மரத்த விரலை முனையில் படாமல் மடக்கிக்கொண்டார். மூடியைக் கழற்றினார். தன் தொடையில் ஒரு தடவை தொட்டுப் பார்த்து இடத்தை உறுதி செய்துகொண்டார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அவள் தொடையில் ஒரே இடி.

டக்.

எடுக்கவில்லை. வாய்விட்டு எண்ணினார். எண்ணுகிற குரல் உடைந்து உடைந்து வந்தது. எண்ணி முடித்த பிறகும் எடுக்கப் பயமாக இருந்தது. ஊசியை எடுத்தபின் அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். இதுவும் அவர் காலுக்குத் தெரிந்ததுதான்.

காத்திருப்பதைப் போலக் கொடுமை இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஆறு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குளவி வந்து கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. 'இலை அள்ளப் போனேனே, இலை' என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நசுங்கிய சத்தம், நசுங்கிய சத்தம், பிறகு கொஞ்சம் நீளமாக ஒன்று. பிறகு இன்னும் நீளமாக. நீலம் பாய்ந்த உதட்டில் நிறம் திரும்பியது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"தம்பி?" என்றாள் முதலில்.

"மேல இருக்கான். அவனுக்கு ஒண்ணும் இல்ல. போன் பண்ணிட்டான், ஆள் வராங்க" என்று அவர் கடகடவென்று சொன்னார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். தோளைப் பிடித்து அமுக்கினார். "எந்திரிக்காத! எந்திரிச்சா உசுருக்கு ஆபத்துன்னு நீதான ஊரெல்லாம் சொல்ற?"

தன் பாடமே தனக்குத் திரும்பி வந்ததும் அவள் படுத்துக்கொண்டாள். தொடையில் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். யார் போட்டது என்று புரிந்தது. அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கேட்டாள். "இன்னொண்ணு எங்க? எடுத்துக் கையில வைங்க. இது கொஞ்ச நேரம்தான் தாங்கும்."

அவர் கட்டைவிரலை நீட்டினார். மெழுகு மாதிரி வெளுத்து, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அவள் அதையே பார்த்தாள்.

"திட்டிடு" என்றார்.

அவள் திட்டவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. வாழ்க்கையில் இந்த மாதிரி ஒரு தப்பைச் செய்துவிட்டு அவளிடம் திட்டு வாங்காமல் இருந்ததில்லை. திட்டாதது ஏன் என்று அவருக்குப் புரிந்தது. அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மருந்து எவ்வளவு நேரம் நிற்கும், ஆட்கள் எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்று. கணக்கு ஒத்துவரவில்லை என்று முகமே சொல்லியது. அந்த வெளுத்த விரலைப் பிடித்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"சூடா வச்சிருக்கணும். இல்லேன்னா விரல் போயிடும்" என்றாள். அப்புறம், விரலை விடாமலேயே, "பயமா இருக்குங்க" என்றாள்.

சைரன் என்று பெயர் எடுத்தவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதே இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "எனக்கும்" என்றார்.

வெயில் கூடாரத்தின் அந்தப் பக்கம் போயிற்று. யாரும் வரவில்லை. அவள் கழுத்தில் புதிதாகத் தடிப்பு எழும்பத் தொடங்கியது. தொண்டையைச் செருமினாள். மறுபடி செருமினாள். அந்தச் செருமல் அவர் காதில் இடியாக விழுந்தது. மச்சினன் இடுப்பில் மூன்றாவது பேனா இருக்கிறது. கூப்பிட்டால் அடுத்த நிமிஷம் ஓடி வருவான். ஆனால் வருகிற பாதையில் கூடு கலைந்த குளவிகள் இன்னும் வெறி பிடித்துச் சுற்றுகின்றன. அவர் கை விசிலுக்குப் போனது.

அவள் கை அதற்கு முன்னால் போய் விசிலை மூடிக்கொண்டது.

"வேணாம்."

"அவன்கிட்ட இருக்கும்மா. போர்வையைப் போர்த்திக்கிட்டு வரட்டும்."

"வேணாங்க. அவனை ஒண்ணு கொட்டினாப் போதும்."

"அப்ப நான் போறேன்."

"நீங்க போனா எனக்கு யாரு இருக்கா?"

விசில் அவள் பிடிக்குள்ளேயே இருந்தது. அவளை வற்புறுத்திப் பிடுங்கியிருக்கலாம், அவருக்குப் பலம் இருந்தது. பிடுங்கவில்லை. பிடுங்காததற்காக உள்ளுக்குள் தன்னையும் அவளையும் சேர்த்தே வைதார். ஆற்றின் வளைவில் யாராவது தெரிகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆற்றோரமாக முதலில் நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஆட்கள் கூவுகிறார்கள். வனத்துறைச் சட்டை போட்ட மூன்று பேர் கல் தாண்டிக் கல் தாண்டி வந்தார்கள். அவள்தான் முன்கூட்டியே வளைவு வரை சொல்லி வைத்திருந்தாளே, தேட வேண்டிய வேலையே இல்லை. முன்னால் வந்த பெண்ணின் தோளில் மருந்துப் பை தொங்கியது.

"யாருக்கு?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

படுத்திருந்தவள் தலையைத் திருப்பினாள். வகுப்பில் பேசுகிற அதே தோரணையில், கம்மிய குரலில் சொன்னாள்: "இவருக்கு. விரல்ல அட்ரினலின் ஏறியிருக்கு. படபடப்பு இருக்கு, ஆள் வெளுத்துட்டார் பாருங்க. கையிலயும் கொட்டியிருக்கு. முதல்ல இவரைப் பாருங்க."

அந்தத் தோரணைக்குக் கட்டுப்படாதவர்கள் யார்? மூன்று பேரும் அவரைப் பார்த்துத் திரும்பினார்கள். பார்க்கவும் அவர்தான் நோயாளி மாதிரி இருந்தார். வெடவெடவென்று நடுக்கம், வேர்த்து ஊற்றிய சட்டை, பிணம் போல ஒரு விரல். ஒருவன் அவர் தோளைப் பிடித்து, "படுங்க சார், மெதுவாப் படுங்க" என்றான். அவர் உடம்பு, பழகின உடம்பு, படுக்கக்கூட ஆரம்பித்துவிட்டது. முட்டி மடங்கியது. முதுகு தரையைத் தேடியது.

பாதியில் நிறுத்தினார். தோளில் இருந்த கையைத் தட்டிவிட்டார்.

"என்னை விடுங்கய்யா!" என்று கத்தினார். அவருக்குள் அப்படி ஒரு குரல் இருப்பது யாருக்கும் தெரியாது. "அவ பேச்சைக் கேக்காதீங்க! அவதான் நோயாளி! கழுத்துல கொட்டியிருக்கு. மூச்சு அடைச்சு மயங்கி விழுந்தா. நான்தான் ஊசி போட்டேன், இப்ப மறுபடியும் அடைக்குது. அந்தக் குரலைக் கேளுங்க! அது அவ குரலே இல்ல!"

மருந்துப் பையோடு வந்த பெண் சட்டென்று குனிந்து அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. ஒருவன் காலைத் தூக்கினான், இன்னொருவன் மூக்கில் ஆக்சிஜன் குழாயை வைத்தான், அந்தப் பெண் ஊசியை எடுத்தாள். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாத. படு" என்றார் அவர்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டு படுத்தாள். ஊசி இறங்கியது. மறுபடியும் அந்தக் காத்திருப்பு. அவர் அவள் தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

தம்பியை மேட்டின் மறுபக்கமாக இறக்கிக் கூட்டிவரச் சொல்லி வயர்லெஸ்ஸில் சாவடிக்குத் தகவல் கொடுத்தார்கள். அவளைத் தூக்குப் படுக்கையில் ஏற்றி, ஆற்றோரமாக வண்டி நிற்கிற இடத்துக்குப் பாதி தூரம் போயிருப்பார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டே, "அப்படியா கத்துவீங்க? காது வலிக்குது" என்றாள்.

குரலில் அடைப்பு இல்லை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காது ஏமாற்றுகிறதோ என்று பயந்தார்.

"என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

"காது வலிக்குதுன்னேன்."

"இன்னொரு தடவை."

வண்டியில் ஏற்றினார்கள். வண்டி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் அவருக்குப் பயம் புதிதாக வந்தது. ஒவ்வொரு வளைவிலும் குனிந்து, "சொல்லு" என்றார். எதற்குக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வருகிற வரை, கேட்டபோதெல்லாம், ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளாமல் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.